முப்பத்தொன்பதாம் வேடியப்பன்

குப்பம்மாள் கொல்லை வரப்பில் ஏறி வந்தபோது அவள் நெற்றியில் பன்னிரண்டு என்று எழுதி ஒட்டியிருந்தது. பொட்டு வைக்கிற இடத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி. அதன்மேல் நீல மையில் 12.

அருணா மாட்டைத் தண்ணீர்த் தொட்டிக்கு அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். மணி எட்டு இருபது இருக்கும். நேற்று மாலைதான் ஜமுனாமரத்தூரில் நடந்த கண் முகாமிலிருந்து நாற்பத்து மூன்று பேரை இரண்டு வேன்களில் ஏற்றி, புரை நீக்கப் போளூருக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் குப்பம்மாளும் ஒருத்தி. அருணாவின் அப்பா வேடியப்பனும் ஒருவர். அப்பாவுக்குத் துணையாக அம்மா பெரியம்மாள் போயிருந்தாள். இப்போது குப்பம்மாள் மட்டும், போனபோது இருந்த கண்ணோடு அப்படியே நெல்லிக்கொல்லைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"இன்னா அத்தை, அதுக்குள்ள ஆப்பரேசன் ஆய்டுச்சா?"

"ஆப்பரேசனா? உசுரு இருந்தா போதும்னு ஓடியாந்துட்டேன்டி." குப்பம்மாள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிளாஸ்திரி மட்டும் அசையவில்லை. "பக்கத்துக் கட்டில்ல படவேட்டுக்காரி ஒருத்தி. கண்ணை அப்படியே கரண்டில நோண்டி எடுத்து, கழுவி, திரும்ப வெப்பாங்களாம். ராத்திரி பூரா அதையே சொல்லினு இருந்தா. எனக்கு எப்படி தூக்கம் வரும்?"

அருணாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்கிறியா? நீ போய்ப் படுத்துப் பாரு. காலையில அஞ்சு மணிக்கே அந்த சிவசங்கர் சார் கைல போய், எனக்கு வாணாம் சார், வூட்டுக்குப் போறேன்னுட்டேன். அவுரு நல்ல மனுசன். ஒரு வார்த்தை திட்டல. போன்ல இன்னாவோ தட்டுனாரு. உன் பேரை எடுத்துட்டேன், நீ கெளம்பும்மான்னாரு. மொத பஸ்ஸைப் புடிச்சு ஜமுனாமரத்தூர் வந்து, அங்கிருந்து நடந்தே வந்துட்டேன்."

அருணாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கையில் இருந்த கயிறு நழுவியதை அவள் கவனிக்கவில்லை.

"பேரை எடுத்துட்டாரா?"

"ஆமா. அவுரு போன்ல காட்டுனாரே. எனக்கு இன்னா படிக்கவா தெரியும்? ஆனா ஒரு கோடு காணாமப் போனது தெரிஞ்சுது."

அந்தக் கோடு காணாமல் போனால் என்ன ஆகும் என்று நெல்லிக்கொல்லையில் தெரிந்த ஒரே ஆள் அருணாதான். அந்தப் பட்டியல் வரும் இணையப் பக்கத்தை எழுதியவள் அவள்.

நெல்லிக்கொல்லையில் இருப்பது முப்பத்தாறு வீடுகள். அதில் கல்லூரிப் படி ஏறி, பட்டத்தோடு இறங்கியவள் அவள் ஒருத்தி. ஜமுனாமரத்தூர் உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை. பிறகு வாணியம்பாடியில் கணினிப் பட்டம். பட்டமளிப்புக்கு அப்பா ரப்பர் செருப்போடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, யார் மேடையேறினாலும் கைதட்டிக்கொண்டிருந்தார். எது மகள் என்று புரைக் கண்ணுக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் தட்டியிருக்கிறார்.

அதன் பிறகு ஃபாயிசாவிடம் வேலை. வாணியம்பாடியில் தன் வீட்டாரின் தோல் கிடங்குக்கு மேல்மாடியில் நான்கு நாற்காலிகளைப் போட்டு, கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்பவள் ஃபாயிசா. அருணாவைவிட ஆறு வயது மூத்தவள். மாதத்தில் பாதி நாள் மலையிலிருந்தே வேலை செய்ய விட்டிருந்தாள். முதல் வாரம் அருணா செய்து கொடுத்த செருப்புப் பட்டியல் சைபரிலிருந்து தொடங்கியது. பக்கத்தின் அச்சான டெம்ப்ளேட்டில், ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சுற்றவைக்கும் லூப்பின் எண்ணிக்கை இரண்டு விதமாகக் கிடைக்கும்: ஒன்றிலிருந்து தொடங்குவது ஒன்று, சைபரிலிருந்து தொடங்குவது ஒன்று. அவள் தவறானதை எடுத்துவிட்டாள். கடைக்காரர் நேரில் வந்து, "சைபராவது செருப்பை எந்தக் கால்லம்மா போடறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாடியே ஒரு வாரம் சிரித்தது. அன்றிலிருந்து எங்கே எண் வந்தாலும் அருணா இரண்டு முறை பார்ப்பாள். ஒன்றிலிருந்து தொடங்குகிறதா, விடாமல் ஏறுகிறதா, அவ்வளவுதான் அவள் பார்ப்பது.

வாணியம்பாடித் தோல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை ஒன்று மலையில் கண் முகாம் போட முடிவு செய்து ஃபாயிசாவிடம் ஒரு பக்கம் கேட்டபோது, அவள் அருணாவைப் பார்த்தாள்.

"உங்க மலை. நீயே பண்ணு."

அருணா ஆசை ஆசையாய்ச் செய்தாள். பெயர், ஊர், வயது, எந்தக் கண், லென்ஸ் பவர், சர்க்கரை உண்டா இல்லையா. நாற்பத்து மூன்று பேருக்கு நாற்பத்து மூன்று முறை எழுத வேண்டியதில்லை. ஒரே ஒரு வரிசையை எழுதி லூப்புக்குள் வைத்துவிட்டால், பட்டியலில் எத்தனை பேரோ அத்தனை முறை அது சுற்றி வரும். அகர வரிசையில் பெயர்கள் வந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும், சுற்றை எண்ணும் கவுண்ட்டர் ஒன்று கூடி, வரிசையின் முன்னால் 1, 2, 3 என்று தானாகவே விழும். பார்க்க அழகாக இருந்தது.

ஃபாயிசா அப்போதே ஒன்று கேட்டாள். "நம்பரை ஆளோட சேர்த்து சேவ் பண்ணி வெச்சுடலாமா அருணா?"

"வாணாங்க்கா. கவுண்ட்டரே பார்த்துக்கும். அதுக்குன்னு தனியா ஒரு இடம் எதுக்கு?"

கவுண்ட்டருக்கு ஆள் யார் என்று தெரியாது. எத்தனையாவது சுற்று என்றுதான் தெரியும். இது அருணாவுக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள்.

நேற்று முகாமில் மடிக்கணினியோடு உட்கார்ந்து பெயர் பதிந்ததும் அவள்தான். அறக்கட்டளை சார்பில் எல்லாவற்றையும் ஓடியாடிப் பார்த்துக்கொண்ட சிவசங்கர், "வேடியப்பன்" என்று ஒரு குரல் கொடுத்தார். ஐந்து பேர் எழுந்தார்கள்.

"இன்னாம்மா இது, மலைக்கே ஒரே பேரா?"

"எங்க குலசாமி சார். தலைச்சன் புள்ளைக்கு அந்தப் பேருதான் வெப்பாங்க."

"சரி, இனிஷியல்?"

"வே."

"அஞ்சு பேருக்குமா?"

"அவுங்க அப்பாங்களும் தலைச்சன்தானே சார்."

வயதைக் கேட்டால் ஐவரும் அறுபது என்றார்கள். அறுபது தாண்டிய யாருக்கும் மலையில் வயது அறுபதுதான். ஊரைக் கேட்டால், ஐவரில் இருவருக்கு நெல்லிக்கொல்லை. ஊருக்குள் இந்தக் குழப்பமே கிடையாது. பள்ளத்தில் கொல்லை வைத்திருக்கும் அருணாவின் அப்பா பள்ளத்து வேடியப்பன். மேட்டில் சாமை விதைப்பவர் மேட்டு வேடியப்பன். ஆனால் அதெல்லாம் வாயில் கூப்பிடுகிற பெயர். ஆதாரில் ஏறாது, ரேஷன் அட்டையில் ஏறாது. படித்த பெண்ணான அருணாவும் அதைப் பக்கத்தில் ஏற்றவில்லை. எழுதினால் பட்டிக்காட்டுத்தனமாக இருக்கும் என்று நினைத்தாள்.

அதற்குப் பதிலாக அவள் சொன்னது இதுதான்: "நம்பர் சொல்லிக் கூப்புடுங்க சார். எல்லார் பேரும் ஏறியாச்சு, லிஸ்ட்ல இருக்குது பாருங்க. நெத்தியில ஒரு பிளாஸ்திரி ஒட்டி எழுதிட்டா தப்பே வராது."

எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். அப்பாவின் நெற்றியில் 39 என்று அவளே தன் கையால் எழுதினாள். மடிக்கணினியைத் திருப்பி, பார்ப்பா, உன் பேர், என்று காட்டினாள். அவர் திரைக்கு இரண்டு விரல் கிட்டத்தில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "புகையா கீது. வந்து பார்க்குறேன்" என்றார்.

பன்னிரண்டாம் வரிசை போய்விட்டது. பதின்மூன்று பன்னிரண்டாகியிருக்கும். பதினான்கு பதின்மூன்றாகியிருக்கும். நெற்றியில் இருப்பது பழைய எண். ஆஸ்பத்திரியில் அதே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் நர்ஸின் கைத்திரையில் இருப்பது புதிய எண்.

"அத்தை, எத்தனை மணிக்கு உள்ள கூப்புட்றாங்களாம்?"

"ஒம்போதுக்கு. சக்கரைக்காரங்கதான் மொதல்ல. வெறும் வயித்துல ரொம்ப நேரம் வெக்கக் கூடாதாம். எனக்கும் சக்கரை. அதான் விடியறதுக்குள்ள ஓடியாந்தேன்."

அப்பாவுக்கும் சர்க்கரை. ஐந்து வேடியப்பன்களில் மூவருக்குச் சர்க்கரை.

அருணா தன் போனை எடுத்தாள். கை தானாக அம்மாவும் அப்பாவும் வைத்திருந்த ஒரே போனின் எண்ணை அழுத்தியது. வாசலில் ஒரு கோடு, அரைக் கோடு சிக்னல் எப்போதாவது வரும். மணி அடித்தது. வீட்டுக்குள்ளிருந்தே அடித்தது. ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் தொலைந்துவிடும் என்று அம்மா அதை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். மஞ்சள் பைக்குள் அது பாடி முடிக்கும்வரை அருணா அசையாமல் நின்று கேட்டாள்.

பிறகு மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தாள்.

"ஏ பொண்ணே, எங்க ஓடற? மாடு அவுந்து கீதுடி."

ஊருக்கு மேலே புளிய மரங்களைத் தாண்டி ஒரு பாறை. அதன் தலையில் ஏறினால் சிக்னல் முழுதாகக் கிடைக்கும். டவர் பாறை என்று அதற்குப் பெயர். அருணா தன் பாதி உத்தியோகத்தை அங்கே உட்கார்ந்துதான் பார்த்தாள். சாதாரணமாக இருபது நிமிட நடை. அன்று அவள் ஏறி முடித்தபோது மணி எட்டு முப்பத்தேழு. மூச்சு மார்பிலேயே சிக்கிக்கொண்டிருந்தது.

போனின் இணைப்பை மடிக்கணினிக்குக் கொடுத்துப் பக்கத்தைத் திறந்தாள். கீழே, மொத்தம் 42 பேர் என்று இருந்தது. முப்பத்தொன்பதாவது வரிசைக்கு விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

39. வே. வேடியப்பன். நெல்லிக்கொல்லை. வயது 60. சர்க்கரை உண்டு. இடது கண்.

அப்பாவுக்கு வலது கண். இது மேட்டு வேடியப்பன். அவர் நெற்றியில் 40 இருக்கும்.

மற்றவர்களைப் பெயர் காப்பாற்றிவிடும் என்று அவள் மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. கோவிந்தன் என்று கூப்பிட்டால் கோவிந்தன்தான் எழுந்து வருவான். நெற்றி எண் உதைத்தால் நர்ஸ் முகம் சுளித்து, எங்கோ தப்பு என்று தேடுவாள். ஆனால் முப்பத்தொன்பது, வேடியப்பன், நெல்லிக்கொல்லை என்று கூப்பிட்டால் அப்பா எழுந்து வருவார். நெற்றியில் முப்பத்தொன்பதுதான். பெயர் வேடியப்பன்தான். ஊரும் அதுதான், வயதும் அறுபதுதான், சர்க்கரையும் உண்டு. கேட்கிற கேள்விக்கெல்லாம் ஆமாம்மா என்பார். பிறகு புரை முற்றாத இடது கண்ணில் கத்தி வைப்பார்கள். மேட்டு வேடியப்பனின் லென்ஸை உள்ளே வைப்பார்கள். அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். டாக்டருக்குத் தெரியாதா என்று படுத்திருப்பார். இடது கண்ணில் மிச்சமிருக்கிற பார்வையில்தான் இப்போது அவர் பாம்பையும் கொடியையும் பிரித்துப் பார்த்துக் கொல்லைக்குப் போய் வருகிறார்.

சிவசங்கரின் எண்ணை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. அடுத்த முகாமுக்காக அவர் மலையேறிக்கொண்டிருப்பார். மலைப்பாதை வளைவுகளில் சிக்னல் கிடையாது. ஆஸ்பத்திரி எண்ணை அழைத்தாள். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி ஓய்ந்தது. மூன்றாவது முறை வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஃபாயிசா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லு அருணா."

அருணா சொன்னாள். என்ன வரிசையில் சொன்னாள் என்று பிறகு யோசித்தும் அவளுக்கு நினைவில்லை. இடையில் அழுதுமிருக்கிறாள்.

"யா அல்லா." பிறகு அவள் குரல் மாறியது. "அழுவாத. கேளு. உன் தப்பா என் தப்பான்னு அப்பறம் பேசிக்கலாம். ஹாஸ்பிடலுக்கு நான் விடாம அடிக்கிறேன். டிரஸ்ட்ல யாராச்சும் போளூர்ல இருக்காங்களான்னு பார்க்குறேன். நீ பேஜைப் பாரு."

"பேஜைப் பார்த்து இன்னாக்கா பண்றது?"

"அவங்க கையில இப்ப அதுதானே இருக்குது. போன் எடுக்கலன்னா என்ன, அதைப் பார்க்காம இருப்பாங்களா?"

அருணாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முகாமில் பெயர் ஏற ஏற எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று, பக்கம் நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே புதிதாகிக்கொள்ளும்படி அவளே செய்திருந்தாள். இந்தப் பாறையிலிருந்து அவள் எழுதுவது, மலைக்குக் கீழே நர்ஸின் கைத்திரையில் ஒரு நிமிடத்தில் போய் நிற்கும்.

குப்பம்மாளின் பெயரைத் திரும்ப ஏற்றிவிடலாம். அதுதான் முதலில் தோன்றியது. பன்னிரண்டில் அவள் வந்து உட்கார்ந்தால் எல்லா எண்ணும் பழையபடி நெற்றியோடு பொருந்திவிடும். விரல் அதற்குப் போய்விட்டு நின்றது. ஐந்து மணிக்கே எண்கள் நகர்ந்துவிட்டன. ஐந்திலிருந்து இதுவரை புதிய எண்ணைப் பார்த்து எத்தனை லென்ஸ் பெட்டிகளை எடுத்து வைத்திருப்பார்கள், எத்தனை பேருக்குச் சொட்டு மருந்து விட்டிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? மறுபடி நகர்த்தினால் இப்போது சரியாக இருப்பது ஏதாவது இருந்தால் அதுவும் தப்பாகும். யாருக்கும் தெரியாமல் சரிசெய்கிற நேரம் போய்விட்டது. நிறுத்தச் சொல்ல வேண்டும். தெரியும்படி, எல்லோரும் பார்க்கும்படி.

அவள் டெம்ப்ளேட்டைத் திறந்தாள். லூப்புக்குள் முதல் கட்டத்தில் கவுண்ட்டர் உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு சொல். அந்தக் கட்டத்தையே அழித்தாள். இனி அந்தப் பக்கத்தில் யாருக்கும் எண் கிடையாது. பட்டியலுக்கு மேலே சிவப்பில், பெரிய எழுத்தில் அடித்தாள்:

"நிறுத்துங்கள். நெற்றி எண்ணும் பட்டியல் எண்ணும் வேறு வேறு. வேடியப்பன் என்ற பெயரில் ஐந்து பேர் இருக்கிறார்கள். யாருக்கும் ஆப்பரேஷன் தொடங்க வேண்டாம். உடனே கூப்பிடுங்கள்."

கீழே தன் போன் எண்ணைப் போட்டாள். அவசரத்தில் ஒரு இலக்கம் மாறிவிட்டது. திருத்தினாள். ஒரு அடைப்புக்குறியைக் கூட விடக் கூடாது. விட்டால் பக்கமே திறக்காது. திறக்காவிட்டால், ஏற்கெனவே திரையில் நிற்கும் தப்பான பட்டியலை வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அடைப்புக்குறிகளை விரல் வைத்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். தான் எண்ணியதில் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

அனுப்பினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் ஒரு கோடு குறைந்தது. அவள் எழுந்து நின்று, போனை வைத்திருந்த கையைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

கீழேயிருந்து குப்பம்மாள் பாறையைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்துகொண்டிருந்தாள். "மாட்டைக் கட்டிட்டேன். இன்னாடி ஆச்சு? யாருக்கு இன்னா?"

குப்பம்மாள் அருணாவின் முகத்தைப் பார்த்தாள். திரையில் சிவப்பைப் பார்த்தாள்.

"நான் ஓடியாந்ததாலயா?"

"இல்ல அத்தை. நான் எழுதுனதால."

"எனக்கு ஒண்ணும் புரியல. போனை எங்கிட்ட குடு. நான் ஒசரமாப் புடிக்கிறேன், நீ வேலையைப் பாரு."

பன்னிரண்டு என்று நெற்றியில் ஒட்டிய குப்பம்மாள் இரண்டு கையாலும் போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்து நின்றாள். வட்டம் நின்றது. பக்கம் திறந்தது. சிவப்பு எழுத்து வந்திருந்தது. மணி ஒன்பது நான்கு.

அதற்குப் பிறகு எதுவும் செய்வதற்கில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. நர்ஸ் கைத்திரையைக் கவிழ்த்து வைத்திருந்தால்? யாராவது காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தால்? புளிய மரத்தில் குரங்குகள் காயை உலுக்கிக்கொண்டிருந்தன. ஒன்பது ஆறு. ஒன்பது எட்டு. குப்பம்மாள் கையை இறக்கவேயில்லை.

ஒன்பது பதினொன்றுக்கு, தூக்கிய கையிலேயே போன் அடித்தது. குப்பம்மாள் அதைக் கீழே போட்டிருப்பாள். அருணா பாய்ந்து வாங்கினாள்.

"யாரும்மா அது? எங்க டேப்ல செவப்பா இன்னாவோ வந்து நிக்குது. நம்பரையெல்லாம் காணோம். நான் ஆப்பரேசன் தியேட்டர் நர்ஸ் சாந்தம்மா பேசறேன்."

"சிஸ்டர், வேடியப்பன்னு யாரையாச்சும் உள்ள கூப்ட்டீங்களா?"

"ஒருத்தரைக் கூப்ட்டோம். முப்பத்தொம்போது. நெத்தியில சரியா இருந்துச்சே. ஊரு கூடக் கேட்டேன்."

"எந்தக் கண்ணு சிஸ்டர்?"

"லிஸ்ட்ல லெஃப்ட்டுன்னு போட்டுருந்துச்சு. மரத்துப்போற ஊசி போட்டு டேபிள்ல படுக்க வெச்சாச்சு. டாக்டர் கை கழுவினு இருக்காரு. இப்ப இன்னா பிரச்சனை?"

அருணா பாறையில் உட்கார்ந்தாள்.

"கத்தி வெக்கலியே?"

"இல்லம்மா. யாரு நீ?"

"சிஸ்டர், அவுரை பள்ளத்து வேடியப்பன்னு கூப்புடுங்க. நான் லைன்லயே இருக்கேன். கூப்புடுங்க."

"இன்னாது?"

"பள்ளத்து வேடியப்பன். சத்தமா."

நர்ஸ் அலுத்துக்கொண்டது போனில் கேட்டது. கதவு ஒன்று திறக்கும் சத்தம். பிறகு அவள் குரல் தள்ளிப் போய்க் கேட்டது: "இங்க யாருப்பா பள்ளத்து வேடியப்பன்?"

கொஞ்சம் கழித்து, எங்கோ படுத்திருக்கிற ஆளின் குரல். துணிக்கு அடியிலிருந்து வருவது போல் இருந்தது.

"நான்தான். இன்னா?"

அது அப்பா. ஊசி போட்ட கண்ணோடு, டேபிளில்.

"மேட்டு வேடியப்பன்?" நர்ஸ் இப்போது தானாகவே கேட்டாள். வெளிப் பெஞ்சுப் பக்கமிருந்து வேறொரு குரல் எழும்பியது. "இதோ இருக்கேன்மா. எம்மாம் நேரமாக் கூப்புடாம உக்கார வெச்சிருக்கீங்க."

பிறகு சாந்தம்மாள் மெதுவாக, வேறு யாரிடமோ சொன்னாள்: "சார். ஒரு நிமிசம் இங்க வாங்க. எதையும் தொடாதீங்க."

அன்று காலை யாருக்கும் ஆப்பரேஷன் நடக்கவில்லை. நாற்பத்திரண்டு பேரையும் மறுபடி உட்கார வைத்து, கண்ணைப் பார்த்து, அளவெடுத்து, காகிதத்தில் கையால் எழுதி முடிக்க மாலையாகிவிட்டது. ஊசி போட்ட இடது கண் ஒரு நாள் மரத்துக் கிடக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும் என்று டாக்டர் சொன்னதாக ஃபாயிசா தெரிந்து சொன்னாள். அருணா அதை நம்பவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கி, அப்பாவின் எதிரில் நின்று, இடது கண்ணுக்கு முன்னால் மூன்று விரல் காட்டி, அவர் மூன்று என்று சொன்ன பிறகுதான் நம்பினாள். அன்றே வலது கண்ணில் ஆப்பரேஷன் நடந்தது. அதற்கு மறுநாள் காலையில் கட்டுப் பிரித்தார்கள்.

கட்டுப் பிரித்ததும் அப்பா முதலில் பார்த்தது சுவரை. பிறகு அம்மாவை. "நரைச்சுப் போச்சேடி உனக்கு" என்றார். "அது நரைச்சு பத்து வருசம் ஆவுது" என்றாள் பெரியம்மாள். அருணா அந்தச் சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். சொல்லாமலே விட்டுவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போது இரண்டு முறை நினைத்திருந்தாள். யாரும் கேட்கப் போவதில்லை. மிஷின் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் அவர்களாகவே பேசிக்கொண்டார்கள்.

"அப்பா. அந்த ஊசி தப்பாப் போட்டது அவுங்க தப்பு இல்ல. நான் நம்பர் போட்ட விதம் தப்பு."

அவர் புதிய கண்ணால் அவளைப் பார்த்தார். இவ்வளவு தெளிவாக அவர் தன்னைப் பார்த்து எத்தனை வருடம் இருக்கும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"நீதான் நிறுத்துனியாமே. அந்த நர்ஸம்மா சொல்லுச்சு."

"நிறுத்துனேன். ஆனா ஆரம்பிச்சதும் நான்தான்."

"ம்." அவர் கையை நீட்டினார். "அந்தப் பேரைக் காட்டு. வந்து பார்க்குறேன்னேன் இல்ல?"

அவள் போனில் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். முந்தின நாளே அதை மாற்றியிருந்தாள். இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு எண் அவர் பெயரோடு சேர்ந்தே பதிவாகி நின்றது. யார் வந்தாலும் போனாலும் அது மாறாது. கூடவே ஒரு புதிய கட்டம்: ஊரில் கூப்பிடும் பெயர். அப்பா ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டி, விரலால் தடவித் தடவி, பள்ளத்து வேடியப்பன் என்று வாசித்தார். அடுத்த வரிசையையும் வாசித்தார். "மேட்டானையும் ஏத்திட்டியா? அவனுக்கு இதைப் படிக்கத் தெரியாது. நான் போய் படிச்சுக் காட்டுறேன்."

அவ்வளவுதான் அவர் சொன்னது.

அருணா இப்போதும் ஃபாயிசாவிடம்தான் வேலை செய்கிறாள். செருப்புப் பட்டியல், பெல்ட் பட்டியல், கல்யாண மண்டபத் தேதிகள் என்று லூப் இல்லாத நாளே கிடையாது. கவுண்ட்டர் என்ற சொல்லை அடிக்கும்போதெல்லாம் அவள் கை ஒரு கணம் நிற்கும். இந்த எண்ணை வெறுமனே பார்க்கப் போகிறார்களா, யாராவது எங்காவது எழுதி ஒட்டிக்கொள்ளப் போகிறார்களா என்று ஃபாயிசாவிடம் கேட்டுவிட்டுத்தான் மேலே போவாள். பெல்ட்டுக்கெல்லாம் எதுக்கு இந்த விசாரணை என்று ஃபாயிசா கேட்பதில்லை.

குப்பம்மாள் அடுத்த முகாமில் போய் ஆப்பரேஷன் செய்துகொண்டு வந்தாள். கரண்டி எதுவும் இல்லை என்று இப்போது ஊர் முழுக்க அவளே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பிளாஸ்திரியை மட்டும் அப்பா தூக்கிப் போடவில்லை. ஆஸ்பத்திரியில் நெற்றியிலிருந்து உரித்ததைப் பத்திரமாக வைத்திருந்து, வீட்டுப் போனின் முதுகில் ஒட்டிவிட்டார். பசை போகவில்லை, மையும் போகவில்லை. அருணா ஒரு நாள் நகத்தால் அதன் ஓரத்தைக் கிள்ளியபோது பிடுங்கிக்கொண்டார்.

"ஏய், எடுக்காத. அது என் நம்பரு."

போன் இப்போதும் மஞ்சள் பையில், அதே ஆணியில்தான் தொங்குகிறது. அது அடிக்கும்போது அருணா வீட்டில் இருந்தால் அவள்தான் எடுக்கப் போக வேண்டும். பையிலிருந்து அது பின்பக்கமாகத்தான் வெளியே வரும். தன் கையெழுத்தில் 39 என்று பார்த்ததும், யார் கூப்பிடுகிறார்கள் என்று திருப்பிப் பார்ப்பதற்கு முன்னால், அவள் திரும்பி வீட்டுக்குள் அப்பா எங்கே இருக்கிறார் என்று தேடுவாள்.